மூன்று அங்குலக் கட்டை

முழங்கை மடிப்பில் துப்பாக்கிக் கட்டையின் அடி வந்து பொருந்துகிறது, சில்லென்று இருக்கிறது, இன்னும் கொஞ்சம் மடக்குங்கண்ணே, கைய ஒடம்போட ஒட்டாதீங்க என்று சாகுல் பாய் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்புகிறார், என் ஆள்காட்டி விரல் கட்டையின் கழுத்தோரமாக நீண்டு போய் முன் விசையின் வளைவில், முதல் கணு எங்கே உட்கார வேண்டுமோ அங்கேயே உட்காருகிறது, ஒரு நூல் கூடவும் இல்லை குறையவும் இல்லை, அடேயப்பா, ஒங்க அளவுக்கே செஞ்ச மாதிரி இருக்கேண்ணே என்கிறார் பாய், எனக்குப் பெருமை தாங்கவில்லை, இது அய்யாவின் துப்பாக்கி, இரட்டைக் குழல், அய்யாவின் கையும் என் கையும் ஒரே நீளம், அவரிடமிருந்து எனக்கு வந்தது என்று சொல்லிக்கொள்ள வேறென்ன இருக்கிறது, மலையில் இரண்டரை ஏக்கர் பீன்ஸ் தோட்டமும் முன்கோபமும்தான். மதுரையில் பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்துப்போன கடை அது, வெள்ளிக்கிழமை, பாய் தொழுகை முடித்து வந்து ஷட்டரைத் தூக்கும்வரை உறைக்குள் இருந்த துப்பாக்கியை மடியில் படுக்கவைத்துக்கொண்டு படியில் காத்திருந்தேன், சட்டைப் பையில் லைசென்ஸ் புத்தகம், தோள் சரியில்ல பாய், சுடுறப்ப கட்ட ஒதைக்கிறது தாங்காது, ரப்பர் வச்சுக் குடுங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் என் மச்சான் வீரபத்திரன் மலைக்கு வருகிறார், நான்தான் வரச் சொல்லியிருந்தேன், அவருடைய தங்கையை, இருபத்தாறு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற மங்கையர்க்கரசியை, அவர் கையிலேயே திருப்பி ஒப்படைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன், அது சரி, மனைவியை அனுப்புகிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு, அது ஏன் ஞாயிற்றுக்கிழமைக்குள் என் தோளுக்கு ஆகிற மாதிரி தயாராகிவிட வேண்டும் என்று பறந்தேன், இதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் கிடையாது, இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

தோளில் இருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது, சர்க்கரைக்காரனுக்கு வருமாம், வலது தோள் பூட்டு இறுகிப்போய் சட்டை மாட்டக்கூடக் கை மேலே போகாது, வத்தலக்குண்டில் ஒரு டாக்டர் கரண்ட் வைக்க வேண்டும், வாரம் இரண்டு நாள் என்றார், புதன்கிழமை காலை பஸ்ஸில் இறங்கி, அன்றைக்கும் மறுநாளும் கரண்ட் வைத்துக்கொண்டு, இடையில் சித்தப்பா மகன் வீட்டில் தங்கி, வியாழன் சாயங்காலம் மலையேறுவேன், ஊரில் கேட்டவர்களிடம் பேங்க் வேலை என்றேன், கோர்ட் வேலை என்றேன், குருவம்மா டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு நான் இருக்கிற மலையில காட்டுப்பன்னி எறங்காது, என் துப்பாக்கி எண்ணெய் வாசம் அதுகளுக்குத் தெரியும் என்று பத்து வருடமாகப் பீற்றிக்கொண்டு இருப்பவன், கையைத் தூக்க முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது. பன்றியைச் சுடக் கூடாது, வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு, அவ்வளவுதான், வந்த கூட்டம் ஓடிவிடும், பக்கத்துத் தோட்டக்காரர்கள் சீனி வெடியும் அணுகுண்டும் வாங்கி வைத்துக் கொளுத்துவார்கள், அவர்களைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்தவன் நான். முதல் தடவை வத்தலக்குண்டு போய்த் திரும்பியபோது மங்கை வாசலிலேயே நின்றாள், என்னங்க, கெழக்கு ஓரத்துல மூணு பாத்தி போச்சுங்க, பன்னி கிண்டிப் போட்ருச்சு, யாரையாவது காவலுக்கு வைப்பமா என்றாள், எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம், என் தோட்டத்துல பன்னியா, கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு, முள்ளம்பன்னியா இருக்கும், காவலுக்கு ஆள் வச்சு என் மானத்த வாங்கப் பாக்குறியா என்று கத்தினேன், நான்கு நாள் அவளோடு பேசவில்லை, அவளும் அதற்கப்புறம் பன்றி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை, கிழக்கு ஓரத்துப் பாத்திகளும் அதற்கப்புறம் ஒன்றுகூடக் கலையவில்லை, பார்த்தாயா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், எண்ணெய் வாசம்.

அடுத்த வியாழக்கிழமையா, அதற்கும் அடுத்ததா, சாயங்காலம், அடுப்படியில் மேல் தட்டில் இருந்த சீனி டப்பாவை எட்டி எடுக்கிறாள், உள்ளே மஞ்சள் பல்பு, சட்டைக்கை மேலே ஏறுகிறது, வலது புஜத்தின் வெளிப்பக்கம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், நீளமாக ஒரு கன்னிப்போன தடம், நாவல்பழத்தைத் தேய்த்துவிட்ட நிறம், ஓரமெல்லாம் பச்சை, எடுத்தாள், கையை இறக்கினாள், சட்டைக்கை இறங்கிவிட்டது, என்ன அது என்று நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, கேட்டால் ஒரு பொய் வரும், பொய் வந்தால் நான் அதை நம்ப வேண்டியிருக்கும் என்று தோன்றியது, அந்த இடம் அடிபடுகிற இடம் இல்லை, கதவில் இடித்தால் அங்கே இடிக்காது, விழுந்தால் அங்கே விழாது, அது பிடிக்கிற இடம், ஒரு ஆள் ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் அங்கேதான் பிடிப்பான், நினைக்க நினைக்க அந்தத் தடத்தில் விரல்கள் தெரிய ஆரம்பித்தன, முதலில் இரண்டு, பிறகு நான்கு, கட்டைவிரல் பின்பக்கம் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழனும் மலையேறி வந்ததும் என் கண் நேராக அந்தப் புஜத்துக்குத்தான் போகும், திங்கட்கிழமை மஞ்சளாக வெளுத்துக்கொண்டிருந்தது வியாழக்கிழமை திரும்பவும் கருநீலமாக இருக்கும், நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் புதுசாகிறது, இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சாட்சி வேண்டும் சொல்லுங்கள், அவள் இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயும் என்னுடைய பழைய மெரூன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறாள், குளிருதுங்க என்கிறாள், சித்திரை மாசத்தில் என்ன குளிர்.

புதன்கிழமை விடியற்காலையில் வீட்டுப்பக்கம் வருகிற ஆம்பளை ஒரே ஆள்தான், அருளப்பன், ஜீப்காரன், பீன்ஸ் மூட்டையையும் அவகேடோ கூடையையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்குகிறவன், வியாழனும் வருவான், பன்னிரண்டு வருடப் பழக்கம், அண்ணே அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுவான், அகலமான கை, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து விரலெல்லாம் உரம் ஏறிய கை, ஒருநாள் அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று அவன் கை விரிந்து சாக்கின் கழுத்தைப் பிடிக்கிற அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது, எனக்குச் சரியாகத்தான் இருந்தது, அவனும் என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தான், எதையோ வாய்க்குள் வைத்து அடக்கிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு, அண்ணே, தோட்டம் இந்த வருசம் நல்லா இருக்குல்ல, ஒரு பாத்தி சேதமில்ல என்றான், நக்கல் பண்ணுகிறான் என்று தெரிந்தது, எதற்கு நக்கல் என்பதும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வழிய வழிய வைப்பான், ஜீப்பில் ஏறினாலே அந்த வாசம், நான் ஒருநாள் பீரோவைத் திறந்து, கை தூக்க முடியாதவன் துப்பாக்கியை வேறென்ன செய்வது, சும்மா தடவிப் பார்க்கலாம் என்று எடுத்தால், குழலிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கிறது, நான் போடுகிற துப்பாக்கி எண்ணெயின் வாசம் இல்லை, தேங்காய் எண்ணெய், பீரோச் சாவி அவள் இடுப்புக் கொத்தில் இருக்கிறது, அவன் தலை இந்தத் துப்பாக்கிப் பக்கம் குனிந்திருக்கிறது, எதற்காகக் குனிந்திருக்கும், எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுடுவது, யாரைச் சுடுவது, என் கையிலோ தெம்பில்லை. அன்றிலிருந்து அவள் காப்பி கொண்டுவந்தால் நீ மொதல்ல ஒரு வாய் குடி என்று சொல்ல ஆரம்பித்தேன், டம்ளரை வாங்கி ஒரு வாய் குடிப்பாள், அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடம் தோட்டத்தைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் நான் வாயில் வைப்பேன், அவள் ஒன்றும் கேட்கவில்லை, முதல் நாள் மட்டும் லேசாகச் சிரித்தாள், முந்தானையால் டம்ளரின் விளிம்பைத் துடைத்துக் கொடுத்தாள், அந்தச் சிரிப்பையும் நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

சந்தேகம் வந்தவனுக்குத் தூக்கமும் ஒழுங்காக வராது, விழிப்பும் ஒழுங்காக இருக்காது, வத்தலக்குண்டில் கரண்ட் வைத்துவிட்டு அந்த நர்ஸம்மா அசையாம படுங்க என்று போய்விடுவாள், தோளில் குறுகுறுவென்று ஓடும், கண் செருகும், மலை வீட்டின் பின்வாசல் தெரியும், பீன்ஸ் கொடிகளுக்கு நடுவே மெரூன் ஸ்வெட்டர் நடக்கும், அதன் கையை யாரோ பிடிக்கிறார்கள், முகம் தெரியாது, கை மட்டும் தெரியும், அகலமான கை, உற்றுப் பார்த்தால் அது என் கையாக இருக்கும், விரல் விசையில் இருக்கும், திடுக்கிட்டு எழுந்தால் கரண்ட் நின்றிருக்கும், எந்திரிங்க, அடுத்த ஆள் நிக்கிறாங்க. அருளப்பனை நிறுத்தினேன், இனிமே நீ வர வேணாம், வேற வண்டி பேசியாச்சு என்றேன், அவன் முகம் விழுந்துவிட்டது, ஏண்ணே, நான் என்ன தப்புப் பண்ணுனேன் என்றான், அதை உன் மனசாட்சியைக் கேள் என்று நாடகத்தில் பேசுவதுபோலப் பேசினேன், அவன் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தான், அவள் அங்கிருந்து வேண்டாம் என்பது போலத் தலையசைத்ததை நான் ஜீப் கண்ணாடியில் பார்த்தேன், போதும், அன்றைக்கே மச்சானுக்குப் போன் போட்டேன், ஞாயித்துக்கெழம வாங்க, முக்கியமான விஷயம், போன்ல சொல்ற விஷயமில்ல. அருளப்பன் நின்ற பிறகும் வியாழக்கிழமை தடம் புதுசாகத்தான் இருந்தது, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா, உறைக்கவில்லை, ஜீப்பில் வராதவன் நடந்து வருகிறான் என்றுதான் நினைத்தேன்.

சாகுல் பாய் துப்பாக்கியை வாங்கிக் கட்டையைக் கவிழ்த்துத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு அடியில் இருக்கிற பழைய கறுப்புத் தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றுகிறார், ரப்பர் ஒரு இஞ்சு கனம்ணே, அதனால கட்டையில ஒரு இஞ்சு வெட்டிரணும், வெட்டாம ஒட்டுனா ஒங்க கைக்கு நீளமாப் போயிரும், நீளமான கட்ட தோள்ல உக்காராது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கழற்றிய தகட்டை வெளிச்சத்தில் பிடிக்கிறார், அதன் கீழ் ஓரத்தில் ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள் ஏதோ சிக்கியிருக்கிறது, சின்ன இடுக்கியால் பிடித்து இழுக்கிறார், கம்பளி நூல், மெரூன் நிறம், இழுக்க இழுக்க ஒரு சாண் வருகிறது. வீட்டுல இன்னொரு ஆள் இதச் சுடுறாங்கபோல, என்றார் சாதாரணமாக, எப்படிச் சொல்றீங்க என்றேன், நீங்கதான் தோள் தூக்க முடியலங்கிறீங்க, குழலப் பாத்தா ரெண்டு மூணு நாளைக்குள்ள சுட்ட கரி, மேல தேங்காண்ணெ போட்டுத் தொடச்சிருக்காங்க, பொம்பளைங்க கைவேல, வெவரம் தெரியாதவங்க கண்டிப்பா அதத்தான் போடுவாங்க, குட்டையான ஆளா, பாவம் கை புண்ணாப் போயிருக்குமே என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல், துப்பாக்கியைத் தூக்கித் தன் புஜத்தின் வெளிப்பக்கத்தில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கட்டையை வைத்துக் காட்டினார், நமக்கெல்லாம் காறையெலும்புக் குழியில வந்து உக்காரும், காயம்னாலும் அங்கதான் படும், கை குட்டையா இருந்தா கட்ட குழிக்கு வராது, வெசைக்கு எட்டணும்னு ஒடம்பத் திருப்பித் திருப்பி இங்க வந்து நிக்கும், வெடிச்சா இங்கதான் ஒதைக்கும், நீளமா ஒரு தடம், பாத்தா யாரோ பிடிச்சு இறுக்குன மாதிரி இருக்கும், ரைஃபிள் கிளப்புக்கு வர்ற பொம்பளப் புள்ளைங்களுக்கு மொத மாசம் பூரா இந்தக் காயம்தான். முப்பது வருடம் துப்பாக்கி பிடித்தவன் நான், துப்பாக்கிக் காயம் தோள் குழியில் படும் என்று தெரிந்தவன், அந்தத் தெரிந்த புத்திதான் என்னைக் கெடுத்தது, ஒன்றுமே தெரியாத ஒருவன் அந்தத் தடத்தைப் பார்த்திருந்தால் என்ன ஆச்சு என்று வாயைத் திறந்து கேட்டிருப்பான். வெட்ட வேணாம் பாய் என்றேன், ரப்பரையும் திருகாணியையும் குடுங்க, அளவு வீட்டுல எடுக்கணும், பாய் என்னை ஒரு நிமிடம் பார்த்தார், காகிதத்தில் மடித்துக் கொடுத்தார், பாத்து வெட்டுங்கண்ணே, வெட்டுன கட்ட திரும்ப வளராது.

பஸ் மலையேறுகிறது, கொண்டை ஊசி வளைவில் ஒவ்வொன்றாகத் திரும்ப ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் குருவம்மா டீக்கடையில் காலையில ரெண்டு வேட்டுப் போட்டீங்க போல, இங்கவரைக்கும் கேட்டுச்சு என்று கேட்டார்கள், நான் அப்போதுதான் வத்தலக்குண்டிலிருந்து வந்து இறங்கியிருந்தேன், யாரோ வெடி போட்டிருக்கிறார்கள், இவர்கள் என் கணக்கில் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஆமா என்று தலையாட்டினேன், மீசையைக்கூடத் தடவிக்கொண்டேன், அட வெட்கங்கெட்டவனே. இன்னொரு நாள், களத்தில் காப்பிக்கொட்டை காய்கிறது, ஓரத்தில் ஒரு முறத்தில் துணி மூடி ஏதோ காய்கிறது, மிளகா வத்தலுங்க என்றாள், அது வத்தல் இல்லை, அய்யா காலத்துத் தோட்டாக்கள், காகிதம் ஊறி நமுத்துப்போய் ஆகாது என்று நான் இரும்புப் பெட்டியில் போட்டு மறந்த தோட்டாக்கள், வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி உறையைக்கூடக் கழற்றாமல் அந்தப் பெட்டியைத்தான் திறந்தேன், பாதிக்கு மேல் வெறும் கூடுகள், சுட்ட கூட்டைக்கூடத் தூக்கி எறியாமல் அடுக்கி வைத்திருக்கிறாள். அதோடு விட்டதா சந்தேகம், அவ்வளவு லேசில் விடுமா, சரி, சுட்டது அவள்தான், யார் சொல்லிக்கொடுத்தது, அவன் ஏன் சிரித்தான், அவள் ஏன் தலையசைத்தாள் என்று அது வேறு பக்கத்தில் கடிக்க ஆரம்பித்தது, சனிக்கிழமை காலை அருளப்பன் வீட்டுக்கே போனேன், ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான், கால் மட்டும் வெளியே, என் குரல் கேட்டும் வெகுநேரம் வெளியே வரவில்லை, அடியிலிருந்தே பேசினான், மொத தடவ சுட்டப்ப அண்ணி பின்னால விழுந்து கெடந்தாங்கண்ணே, நான் மூட்ட ஏத்த வந்தவன் பதறிப்போயி கையப் பிடிச்சுத் தூக்கி விட்டேன், அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போவாரு, யார்ட்டயும் சொல்லாதன்னாங்க, சொல்லல. எந்தக் கையைப் பிடித்துத் தூக்கினாய் என்று கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கினேன், அப்பா, எவ்வளவு பெரிய கேள்வி அது, திங்கக்கெழமையிலேருந்து வண்டிய எடுத்துட்டு வா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன், வீட்டில் அவளிடம் ஒன்றும் பேசவில்லை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, கோபப்படத் தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமா என்ன.

ஞாயிற்றுக்கிழமை, களத்தில் ஒரு பலகையைப் போட்டு, ரம்பம், உப்புத்தாள், பென்சில், டேப் எல்லாம் எடுத்து வைத்தேன், மங்க, இங்க வா என்று கூப்பிட்டேன், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், கைய நீட்டு, வலது கை, முழங்கைய மடக்கு, கேள்வி கேட்காமல் மடக்கினாள், துப்பாக்கியின் அடியை அவள் முழங்கை மடிப்பில் வைத்தேன், அவள் விரல் நீண்டது, விசைக்கு வரவில்லை, மூன்று விரற்கடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது, இத்தனை மாதமாக அவ்வளவு தூரத்தை அவள் எப்படி எட்டிப் பிடித்தாள், ஸ்வெட்டர் கை மேலே ஒதுங்கித் தடம் தெரிந்தது, இப்போது பார்த்தால் அதில் விரல்களே இல்லை, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் கட்டையின் அடி எப்படியோ அப்படியே இருந்தது, ஒரு பச்சைப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். அப்போது அவள் என் முகத்தைப் பார்த்தாள், தெரிஞ்சிருச்சா என்றாள், ம் என்றேன், அண்ணன எதுக்கு வரச் சொன்னீங்க என்று கேட்டாள், நான் பென்சிலால் கட்டையில் கோடு போடுவது போலக் குனிந்துகொண்டேன், அவள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும், அருளப்பனை நிறுத்தியது, அண்ணனைக் கூப்பிட்டது, என் கண் எப்போதும் அவள் புஜத்தில் இருந்தது, பிறகு மெதுவாகச் சொன்னாள், காப்பிய மொதல்ல நீ குடின்னு சொன்னீங்களே, இருபத்தாறு வருசம் கழிச்சு இவருக்கு எம்மேல இப்படி ஒரு பிரியமான்னு நான் நெனச்சுட்டேங்க. எனக்கு ரம்பத்தை எடுத்து என் கையையே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, அவள் மேலும் சொன்னாள், ரெண்டு மாசமா எங்கையவே பாத்தீங்க, என்னடி இதுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல.

பதினோரு மணி பஸ் ஹார்ன் கேட்டது, மச்சான் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார், களத்தில் ரம்பமும் துப்பாக்கியும் கிடப்பதைப் பார்த்து மிரண்டு நின்றார், என்ன மாப்ள, அவசரம்னீங்க, என்ன விஷயம், என்று அவர் என்னைக் கேட்க, மங்கைதான் பதில் சொன்னாள், ஒன்னுமில்லண்ணே, மாமாவோட துப்பாக்கிய இவுங்க எனக்கு அளவா வெட்டித் தர்றாங்க, இனி தோட்டக் காவல் எனக்குத்தான், கலெக்டர் ஆபீஸ்ல லைசென்ஸுல எம்பேரயும் சேக்க எழுதிக் குடுக்கணும், அதுக்குத் தொணைக்கு ஒரு ஆள் வேணும்னுதான் ஒன்னைய வரச் சொன்னாங்க, சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்தது என்றெல்லாம் நான் பொய் சொல்ல மாட்டேன், இல்லை, வெட்டுங்க, அண்ணன் பாக்கட்டும் என்ற பார்வைதான் இருந்தது. டீக்கடையில் என் மானத்தைக் காப்பாற்றியவள் அண்ணன் முன்னாலும் காப்பாற்றிவிட்டாள், அதற்கு விலையாகத் துப்பாக்கியைக் கேட்கிறாள், நியாயம்தானே. ரப்பருக்கு ஒரு இஞ்சு, அவள் கைக்கு இரண்டு இஞ்சு, ஆக மூன்று, கோட்டுக்கு மேல் டேப்பைச் சுற்றி ரம்பத்தை வைத்தபோதுதான் பார்த்தேன், கட்டையின் பக்கவாட்டில் அய்யா பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சுட்டு எழுதிய அவர் பெயரின் இரண்டு எழுத்துகள் சரியாக அந்த மூன்று இஞ்சுக்குள் இருந்தன, கை நின்றது, மச்சான்கூட ஐயோ மாப்ள, மாமா எழுத்து போகுதே என்றார், மங்கை முழங்கையை மடக்கியபடியே நின்றுகொண்டிருந்தாள், நான் இழுத்தேன், பழைய மரம், இரும்புபோல இருந்தது, தோள் வலித்தது, பாதியில் மச்சான் நான் வேணா என்று கை நீட்டினார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே அறுத்து முடித்தேன்.

அதன்பிறகு அன்று முழுக்க அந்த வேலைதான், வெட்டிய முகத்தைக் கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, புதுத் துளை போட்டு, திருகாணியில் சோப்பைத் தடவி ரப்பருக்குள் புகுத்தி முடுக்கினால், உள்ளே போன இடம் வெளியே தெரியாமல் ரப்பர் மூடிக்கொள்கிறது, கட்டை வெட்டிய இடத்தில் சிறுத்துவிட்டதால் ரப்பர் சுற்றிலும் பிதுங்கி நிற்கிறது, பிதுங்கியதைத் தேய்த்துத் தேய்த்து மரத்தோடு ஒன்றாக்க வேண்டும், மரத்தில் உப்புத்தாள் பட்டுவிடாமல் டேப் ஒட்டி, ஒரே திசையில், அவசரப்படாமல், ரப்பர்த் தூள் கறுப்பாக மூக்கில், மீசையில், வேட்டியில், அடுப்படியிலிருந்து அவள் அண்ணனோடு பேசுகிற சத்தம் கேட்கிறது, எதையோ சொல்லி அவர் சிரிக்கிறார், அவள் சிரிக்கிறாளா என்று காது கொடுக்கிறேன், தெரியவில்லை. வெட்டிய துண்டை, அய்யாவின் இரண்டு எழுத்தோடு, பீரோவில் வைக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன், மறுநாள் பார்த்தால் அது ஆடுகிற கட்டில் காலுக்கு அடியில் இருக்கிறது, யார் வைத்தது என்று கேட்கவில்லை, கட்டில் இப்போது ஆடுவதில்லை.

விடிகிற நேரம், பனி இறங்கி பீன்ஸ் கொடியெல்லாம் நனைந்து நிற்கிறது, கிழக்கு ஓரத்தில் மெரூன் ஸ்வெட்டர் நிற்கிறது, கட்டை தோள் குழியில் வந்து உட்காருகிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அண்ணாந்து ஒரு வேட்டு, பள்ளத்தில் சலசலவென்று கூட்டம் ஓடுகிற சத்தம், அவள் ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை, குருவம்மா டீக்கடையில் கேட்டால் என் சம்சாரம் போட்டது என்று சொல்கிறேன், முதலில் சிரித்தார்கள், இப்போது சிரிப்பதில்லை, அவள் திரும்பி வந்து துப்பாக்கியின் குழலை மடக்கித் திறந்து, சுட்ட கூட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, இதப் பிடிங்க, காப்பி போட்டுட்டு வர்றேன் என்று என்னிடம் தருகிறாள், பழக்கம், என் முழங்கை தானாக மடங்குகிறது, அடியை மடிப்பில் வைத்துப் பார்க்கிறேன், சில்லென்று இல்லை, ரப்பர் அவள் தோளின் சூட்டோடு இருக்கிறது, விரலை நீட்டுகிறேன், அது விசையைத் தாண்டிப் போய்விடுகிறது, முன் விசை, அதைச் சுற்றிய வளையம், அதையும் தாண்டி வெறும் இரும்பில் போய் நிற்கிறது, மடக்கினால் பிடிக்க ஒன்றும் இல்லை. அவள் காப்பியோடு வருகிறாள், டம்ளரை நீட்டிவிட்டு நிற்கிறாள், பழையபடி நீ மொதல்ல ஒரு வாய் குடி என்பேனோ என்று என் வாயையே பார்க்கிறாள், நான் வாங்கி முதல் வாயைக் குடிக்கிறேன், நாக்கு பொத்துவிடுகிற சூடு, சீனி போட மறந்திருக்கிறாள், சொல்லவில்லை.